காலடியில் இருக்கும் நிலம்: 0.5 பொத்தானின் வரலாறு

உங்கள் போனில் கேமராவைத் திறந்தால் கீழே 0.5, 1, 2 என்று சின்ன எண்கள் தெரியும். மலையடிவாரத்துக்கோ ஏரிக்கரைக்கோ போனால் நம்மில் பலர் யோசிக்காமல் 0.5ஐத் தட்டிவிடுவோம். எல்லாமே உள்ளே வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் வந்துதான் இருக்கும். ஆனால் நேரில் வாயைப் பிளந்து பார்த்த மலை, படத்தில் மண்மேடு மாதிரி தூரத்தில் உட்கார்ந்திருக்கும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கார் நிறுத்துமிடத்தின் தார்த்தரை.

இதில் உங்கள் தப்பும் இல்லை, போனின் தப்பும் இல்லை. வைட் ஆங்கிள் லென்ஸின் குணமே அதுதான். அது தூரத்தில் இருப்பதைச் சின்னதாக்கும், காலடியில் இருப்பதைப் பெரிதாக்கும். அதனால் நிலக்காட்சிப் படம் எடுக்கிற எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது: முன்னால், காலடியில், எதை வைப்பது? எதை விட்டுவிடுவது?

கேள்வி சின்னதுதான். ஆனால் ஒரு நிலம் யாருடையது என்று உலகம் நினைத்துக்கொள்வதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

2019இல் வந்த ஐபோன் 11ஐ எடுத்துக்கொள்வோம். 0.5 லென்ஸ் கொண்ட முதல் போன் அது இல்லை. எல்ஜி ஜி5 2016இலேயே இப்படி ஒரு லென்ஸோடு வந்துவிட்டது. ஆனால் பலருக்கு இந்தப் பொத்தான் பழகியது ஐபோன் 11இல்தான். அதன் சாதாரண லென்ஸ், பழைய பிலிம் கேமராக் கணக்கில் 26 மில்லிமீட்டருக்குச் சமம். 0.5 லென்ஸ் 13 மில்லிமீட்டருக்குச் சமம். குவிய தூரம் பாதியானால் தூரத்து மலையின் உயரமும் பாதியாகும், அகலமும் பாதியாகும். அதாவது படத்தில் அது பிடிக்கும் இடம் கால் பங்குதான். மலை குறுகிப்போனதாக உங்களுக்குத் தோன்றியது பிரமை இல்லை.

இப்போது ஒரு சோதனை. உங்களிடமிருந்து 1 மீட்டர் தூரத்தில் ஒரு பாறை, 10 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மலை. நீங்கள் அரை மீட்டர் முன்னால் போகிறீர்கள். பாறைக்கு இருந்த தூரம் பாதியாகிவிட்டது, எனவே அது படத்தில் இரண்டு மடங்கு பெரிதாகும். மலைக்கோ 10,000 மீட்டரில் அரை மீட்டர் குறைந்ததெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அது அப்படியே இருக்கும். ஆக, எது பெரிது எது சின்னது என்ற விகிதத்தை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் இடம். அவ்வளவு பக்கத்தில் போன பிறகும் பாறையும் மலையும் ஒரே படத்துக்குள் அடங்க இடம் தருவது மட்டும்தான் லென்ஸின் வேலை.

இன்று ஒரு தட்டலில் கிடைக்கும் இந்த இடவசதிக்காக மனிதர்கள் 100 ஆண்டுகளுக்கும் மேல் பாடுபட்டார்கள்.

அகலத்தைத் தேடியவர்கள்

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, கண் பார்க்கும் அகலத்தைக் கேமரா பார்க்கவில்லையே என்ற குறை எழுந்துவிட்டது. 1840களில் பாரிஸில் ஃபிரெட்ரிக் ஃபான் மார்ட்டென்ஸ் என்பவர், லென்ஸே பக்கவாட்டில் திரும்பும் ஒரு கேமராவைச் செய்தார். அது ஏறக்குறைய 150 பாகை அகலத்தைப் பிடித்தது. ஆனால் அதற்கான உலோகத் தகட்டை வில் மாதிரி வளைத்து வைக்க வேண்டியிருந்தது.

வேறு சிலர் பல படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். இதற்கு நம் ஊரிலேயே ஒரு அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1850களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை, கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளமான படமாக்கினார். அதன் நீளம் சுமார் 19 அடி. இன்று போனை மெல்லத் திருப்பி பனோரமா எடுக்கும்போது உள்ளே மென்பொருள் செய்யும் ஒட்டு வேலையை, அவர் கத்தரியும் பசையும் கொண்டு செய்தார்.

ஒட்டாமல், திருப்பாமல், ஒரே லென்ஸில் அகலத்தைப் பிடிப்பதுதான் கடினம். இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் 1859இல் உருண்டையான லென்ஸுக்குள் தண்ணீரை நிரப்பினார். சுமார் 120 பாகை கிடைத்தது. ஆனால் கண்ணாடித் தகட்டை வளைத்துத்தான் ஆக வேண்டும். 1860களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹாரிசனும் ஷ்னிட்சரும் சேர்ந்து ‘குளோப்’ லென்ஸைக் கொண்டுவந்தார்கள். அதன் வெளி வளைவுகள் இரண்டும் ஒரே கோளத்தின் பகுதிகள். சுமார் 75 பாகைதான் பிடித்தது, ஆனால் தட்டையான கண்ணாடித் தகடே போதும். 1900இல் ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனம் ‘ஹைப்பர்கான்’ லென்ஸை வெளியிட்டது. அது 135 பாகை!

இத்தனை அகலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. எளிய லென்ஸில், படத்தின் ஓரத்துக்குப் போகும் வெளிச்சம் கோணத்தின் கோசைனை நான்கு முறை பெருக்கிய அளவுக்குக் குறைந்துவிடும். 120 பாகை லென்ஸில் நடுவிலிருந்து ஓரம் 60 பாகை. 60 பாகையின் கோசைன் அரை. அரையை நான்கு முறை பெருக்கினால் பதினாறில் ஒரு பங்கு. நடு சரியாக வந்தால் மூலைகள் கறுத்துப்போகும். ஹைப்பர்கானுக்கு இதைவிட மோசம். அதனால் லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிக் காற்றாடியைப் பொருத்தினார்கள். புகைப்படக்காரர் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடிப்பார். காற்றாடி சுற்றி நடுப்பகுதி வெளிச்சத்தை மறைக்கும். ஓரங்களுக்குப் போதுமான வெளிச்சம் போன பிறகு அது விலகிக்கொள்ளும். இன்று உங்கள் போனில் இந்த வேலையில் ஒரு பங்கை லென்ஸின் வடிவமைப்பும் மறு பங்கை மென்பொருளும் பார்த்துக்கொள்கின்றன.

லென்ஸின் கதை இவ்வளவுதான். இனி, அகலமான நிலத்துக்கு முன்னால் கேமராவோடு நின்றவர்களின் கதை.

யோசெமிட்டி: வெறுமையாகத் தெரிந்த பள்ளத்தாக்கு

1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். அந்தக் காலத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுப்பது எளிதில்லை. பெரிய படம் வேண்டுமானால் பெரிய கேமரா வேண்டும். எனவே 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடு பிடிக்கும் ராட்சதக் கேமராவைச் செய்துகொண்டார். அந்தத் தகட்டின் மூலைக்கு மூலை நீளம் 28 அங்குலத்துக்கும் மேல். அத்தனை பெரிய தகட்டுக்குச் சுமார் 70 சென்டிமீட்டர் குவிய தூரம் உள்ள லென்ஸ்கூட ‘சாதாரண’ லென்ஸ்தான். உங்கள் போனின் 0.5 லென்ஸுக்கு உண்மையான குவிய தூரம் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். அகலம் என்பது லென்ஸ் மட்டும் சம்பந்தப்பட்டதில்லை, லென்ஸுக்கும் தகட்டுக்கும் உள்ள விகிதம் என்பது இதிலிருந்து புரியும்.

கேமரா, கண்ணாடித் தகடுகள், ரசாயனங்கள், இருட்டறைக் கூடாரம் எல்லாவற்றையும் கோவேறு கழுதைகள் சுமந்தன. தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். அந்தப் பயணத்தில் 30 பெரிய தகடுகளோடு திரும்பினார். 1862இல் நியூயார்க்கில் அந்தப் படங்கள் கண்காட்சிக்கு வந்தன. கிழக்குக் கரையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தே இராத நிலம் அது. 1864 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போருக்கு நடுவே, பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காகப் பாதுகாக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்துக்கு ஆதரவு சேர்த்ததில் வாட்கின்ஸின் படங்களுக்கும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

அவர் படங்களை அமைத்த விதம் இன்றைக்கும் பாடம். 1860களின் நடுவில் எடுத்த ஒரு புகழ்பெற்ற படத்தில் மேட்டு விளிம்பில் ஒரு உயரமான பைன் மரம் முன்னால் நிற்கும். அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் விரியும். மரம் இருப்பதால்தான் ஆழம் தெரிகிறது. வேறு படங்களில் முன்புலம் முழுக்க அசையாத ஆற்று நீர், அதில் பாறையின் பிம்பம். ராட்சத மரங்களின் அளவைக் காட்டுவதற்குச் சில படங்களில் அடியில் ஒரு மனிதரையும் நிறுத்தியிருக்கிறார். ஆனால் பெரும்பாலான படங்களில் மனிதர் இல்லை, வீடு இல்லை, புகை இல்லை. இன்னும் யாரும் கால் வைக்காத உலகம் என்று தோன்றும்.

உண்மை வேறு. அங்கே அவானீச்சி மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தார்கள். தங்கம் தேடி வந்தவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் மோதல் வெடித்தபோது, 1851இல் மரிபோசா பட்டாளம் என்ற ஆயுதப்படை பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. குடியிருப்புகளையும், உணவுக்காகச் சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்தது. டெனாயா என்ற தலைவரும் அவருடைய மக்களும் வெளியேற்றப்பட்டார்கள். வாட்கின்ஸ் வருவதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்புதான் இது நடந்தது. சிலர் திரும்பி வந்து அங்கேயே வாழ்ந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. வந்தவர்கள் எல்லாம் பூங்கா மாதிரி இருக்கிறதே என்று வியந்த அந்தத் திறந்த புல்வெளி தானாக உண்டானதில்லை. அவானீச்சி மக்கள் அவ்வப்போது சின்னத் தீ மூட்டிப் புதரை அகற்றி, உணவு தரும் ஓக் மரங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அவர்களை அகற்றி, தீயையும் தடை செய்த பிறகு, ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் வளர்ந்து வந்துவிட்டன. ஆக, வாட்கின்ஸின் படத்தில் அந்த மக்கள் இல்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் கைவேலை படத்தின் நடுவிலேயே விரிந்து கிடக்கிறது. பார்த்தவர்களுக்குத்தான் அது இயற்கையாகத் தெரிந்தது. பிற்காலத்தில் தேசியப் பூங்காவுக்குள் எஞ்சியிருந்த பழங்குடிக் குடியிருப்பின் கடைசி வீடுகளும் 1969இல் அழிக்கப்பட்டன.

வாட்கின்ஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கதையே சோகமானது. கடனில் தன் படக்கூடத்தையும் பழைய நெகட்டிவ்களையும் இழந்தார். பிறகு மறுபடி சேர்த்ததெல்லாம் 1906 சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்தையடுத்த தீயில் போனது. பார்வையும் போய், 1916இல் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். ஆனால் ‘நல்ல நிலக்காட்சி என்றால் அதில் ஆள் இருக்கக் கூடாது’ என்ற பழக்கம் இந்தப் படங்களின் வழியாகவும் வந்தது. இன்று நாமும் படத்தின் ஓரத்தில் நிற்கும் ஆளை விரலால் தேய்த்து அழிக்கிறோமே, அதே பழக்கம்தான்.

மன்சனார்: கல்லும் முள்கம்பியும்

யோசெமிட்டி, சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இருக்கிறது. அதே மலைத்தொடரின் கிழக்கே, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் மன்சனார் இருக்கிறது. முன்புலத்தில் எதை விடுவது என்பது அங்கே கலைஞரின் விருப்பமாக மட்டும் இருக்கவில்லை. அரசின் விதியாக இருந்தது.

1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு, கடை, பள்ளி எல்லாவற்றையும் விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை ஜப்பானிய மொழியில் ‘நிசெய்’ என்பார்கள். இரண்டாம் தலைமுறை என்று பொருள். நம்மை அழைக்கும் அதே பெயர். மன்சனார் முகாமில் மட்டும் ஒரு கட்டத்தில் 10,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

நிலக்காட்சிக்குப் பெயர்போன அன்செல் ஆடம்ஸ், முகாம் இயக்குநரின் அழைப்பில் 1943இல் அங்கே போனார். அவர் அந்தச் சிறைவைப்பை ஏற்றவர் இல்லை. உள்ளே இருந்தவர்களின் முகங்களை அன்போடு எடுத்தார். ‘சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1944இலேயே, போர் நடக்கும்போதே, புத்தகமாகவும் கொண்டுவந்தார். அதற்கு அப்போது துணிச்சல் வேண்டும். ஆனால் அவருக்குச் சில நிபந்தனைகள் இருந்தன: காவல் கோபுரம், ஆயுதம் தாங்கிய காவலர், முள்வேலி ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. கோபுரத்தை எடுக்க முடியாத அவர், கோபுரத்தின் மேலே ஏறி நின்று முகாமை எடுத்திருக்கிறார். படத்தில் வரிசை வரிசையாகக் குடியிருப்புகள், பின்னால் மலை. தான் நின்ற இடம் மட்டும் படத்தில் இருக்காது.

1944இல் மன்சனார் பக்கத்தில் அவர் எடுத்த இன்னொரு படம் உலகப் புகழ் பெற்றது. காரின் கூரை மேல் மேடை போட்டு ஏறி நின்று எடுத்தது. முன்னால் ஒரு வயல் முழுக்க உருண்டைப் பாறைகள். தூரத்தில் 4,300 மீட்டருக்கும் உயரமான வில்லியம்சன் சிகரம், மேகத்துக்கிடையே ஒளிக்கீற்று. அருகையும் தொலைவையும் ஒரே படத்தில் கூர்மையாகக் கட்டுவது எப்படி என்று இன்றைக்கும் காட்டப்படும் படம் அது. 1955இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியிலும் இடம்பெற்றது. அந்தப் பாறைகளுக்குச் சற்றுத் தள்ளி ஆயிரக்கணக்கானோர் அடைபட்டிருந்தார்கள் என்பதைப் படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அதே முகாமுக்குள் இன்னொரு புகைப்படக்காரர் இருந்தார், கைதியாக. டோயோ மியாட்டாக்கே லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஜப்பானிய வம்சாவளியினர் முகாமுக்குள் கேமரா வைத்திருக்கத் தடை இருந்தது. அவர் ஒரு லென்ஸை ஒளித்து எடுத்துப் போனார். உள்ளே ஒரு தச்சரின் உதவியோடு மரப்பலகையில் கேமராப் பெட்டி செய்துகொண்டார். இது மறுபடி நடக்கக் கூடாது என்றால் யாராவது பதிவு செய்தாக வேண்டும் என்பது அவர் எண்ணம். பிறகு விஷயம் தெரிந்து, இயக்குநர் அனுமதி கொடுத்தபோது முதலில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. மியாட்டாக்கே கேமராவை நிறுத்தலாம், காட்சியை அமைக்கலாம். ஆனால் பொத்தானை ஒரு வெள்ளையர்தான் அமுக்க வேண்டும். நாளடைவில் அந்த விதி போனது.

அவர் எடுத்த படங்களில் பலருக்கும் தெரிந்தது 1944ஆம் ஆண்டுப் படம். முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் முள்கம்பி. அதற்கு அந்தப் பக்கம் மூன்று சிறுவர்கள். பின்னால் தூரத்தில் காவல் கோபுரம். ஆடம்ஸ் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நிலம், ஒரே ஆண்டு. இரண்டிலும் அருகே ஒன்று, தொலைவில் ஒன்று என்ற அதே கட்டமைப்பு. ஒன்றில் முன்புலம் கல், இன்னொன்றில் முள்கம்பி. ஆடம்ஸ் படத்தைப் பார்க்கும்போது உலகம் எவ்வளவு பழையது என்று தோன்றும். மியாட்டாக்கே படத்தைப் பார்த்தால், இவர்களை யார் இங்கே அடைத்தது என்று கேட்கத் தோன்றும்.

1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது.

இப்போது உங்கள் கையில்

போருக்குப் பிறகு வைட் ஆங்கிள் லென்ஸ் சிறிதாகி, கையடக்கக் கேமராக்களுக்கு வந்தது. 1950இல் பிரான்சின் ஆன்ஜெனியூ நிறுவனம், கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி அசைய இடம்விட்டுத் தள்ளி உட்காரும் அகல லென்ஸைச் செய்தது. 1954இல் லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த 21 மில்லிமீட்டர் ‘பயோகான்’ 90 பாகை பிடித்தது. பின்னர் டேவிட் மியூன்ச் போன்றவர்கள் ஒரு பூவையோ கள்ளியையோ லென்ஸுக்கு மிக அருகில் வைத்து, பின்னால் மலையை நிறுத்தும் பாணியைப் பிரபலமாக்கினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் பயணப் படங்களில் பாதி அந்தப் பாணிதான்.

இவர்கள் எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை நான்காகச் சொல்கிறேன்.

ஒன்று, படம் எடுக்கும் முன் கீழே பாருங்கள். 0.5இல் படத்தின் கீழ்ப்பாதி உங்கள் காலடிதான். அங்கே சொல்ல ஒன்றும் இல்லையென்றால் 1க்கோ 2க்கோ மாறிவிடுங்கள். மலை தன் உயரத்தைத் திரும்பப் பெறும்.

இரண்டு, ஏதாவது இருந்தால் பக்கத்தில் போங்கள், குனியுங்கள். அரை மீட்டர் என்ன செய்யும் என்று மேலே கணக்குப் பார்த்தோம். நின்றபடி எடுப்பதற்கும் முழங்கால் உயரத்தில் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஃபில்டரும் தராது.

மூன்று, போனை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். மனிதர்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். கோடுகளை நேராகக் காட்டும் லென்ஸில் நடுவிலிருந்து 60 பாகையில் ஒரு பந்து இரண்டு மடங்கு நீளமான முட்டையாக இழுபடும். குடும்பப் படத்தில் அத்தையை மூலையில் நிறுத்தினால் அடுத்த பொங்கல் வரை மறக்க மாட்டார்.

நான்காவதுதான் முக்கியம். வேலி, மின்கம்பி, பெயர்ப்பலகை, வேலை செய்யும் மனிதர் என்று ‘அழகைக் கெடுக்கிற’ ஒன்று குறுக்கே வந்தால், உடனே தள்ளி நின்று மறைக்காதீர்கள். அதை முன்புலத்தில் வைத்தும் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு, எந்தப் படம் அந்த இடத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று பாருங்கள். அழகான படத்தையே நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், தப்பில்லை. ஆனால் விட்டது என்ன என்று தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் விடுவது வேறு.

கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று நம்மில் பலர் வளரும் நாடுகளின் ‘வெறும்’ நிலங்களுக்கெல்லாம், அங்கே முதலில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். அடுத்த முறை ஒரு ஏரியையோ மலையையோ படம் எடுத்தால், அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் படத்தின் கீழே எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. நம் தாத்தா பாட்டியின் ஊரை யாரோ ஒருவர் படம் எடுத்து, இங்கே யாரும் இருந்ததில்லை என்று காட்டினால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால், அந்த ஐந்து நிமிடம் அதிகமாகத் தோன்றாது.